கார் பெடல்களும் உலோக உறைகளும்: ஒரு வரலாறு

2024 ஏப்ரல் மாதம் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் 3,878 சைபர்டிரக் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மின்கலத்திலோ மோட்டாரிலோ கோளாறு இல்லை. ஆக்ஸிலரேட்டர் பெடலின் மேல் பொருத்தியிருந்த நீண்ட மேலுறை, அழுத்தி மிதிக்கும்போது நழுவி மேலேறி, அதற்கு மேலுள்ள உட்புறப் பலகையில் சிக்கிக்கொள்ளக்கூடும் என்று தெரியவந்தது. சிக்கினால் பெடல் மிதிபட்ட நிலையிலேயே நின்றுவிடும். கால் எடுத்தாலும் வேகம் குறையாது. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும் என்றும், விபத்தோ காயமோ நேர்ந்ததாகத் தகவல் இல்லை என்றும் நிறுவனம் தெரிவித்தது. காரணம் என்ன என்று தேடியபோது கிடைத்த விடை வியப்பானது. உறையைப் பெடலில் எளிதாக ஏற்றுவதற்காகத் தொழிற்சாலையில் முன் அனுமதி இல்லாமல் சோப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தச் சோப்பின் மிச்சம் உறையின் பிடியைத் தளர்த்திவிட்டது. பிறகு ஒரு ரிவெட் அடித்து உறையை நிலைநிறுத்தினார்கள்.

உலோகப் பெடல் உறை என்றதும் கார் அலங்காரக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னும் ஒரு பொருளே நம் நினைவுக்கு வரும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். ஆனால் அது உட்காரும் இடம் பிரேக்கின் மேல். கால் பெடலைப் பிடிக்க வேண்டும், உறையும் பெடலைப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டு பிடிகளும் எப்படி உருவாயின, எங்கே பிசகின என்பதே இந்தப் பொருளின் வரலாறு.

கையிலிருந்து காலுக்கு

முதல் கார்களில் கால்களுக்கு அதிக வேலை இருக்கவில்லை. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், ஓட்டவும் நிறுத்தவும் கைநெம்புகோல்களே இருந்தன. 1888-இல் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ் அந்த வண்டியில் மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்குச் சென்றார். வழியில் பிரேக் கட்டை தேய்ந்துபோக, ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் வைத்துத் தைக்கச் செய்தார். பிரேக்கைப் பொறுத்தவரை மேற்பரப்பு எதனால் ஆனது என்பது எவ்வளவு முக்கியம் என்று காட்டிய முதல் நிகழ்ச்சி என்று இதைச் சொல்லலாம்.

வேகமும் எடையும் கூடியபோது, திசைமாற்றியைப் பிடிக்க இரு கைகளும் தேவைப்பட்டன. மற்ற வேலைகள் மெல்ல மெல்லக் காலுக்கு இறங்கின. எனினும் எந்தப் பெடல் எங்கே இருக்க வேண்டும் என்பதில் நெடுங்காலம் ஒற்றுமை ஏற்படவில்லை. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் மூன்று பெடல்கள் உண்டு. ஆனால் அவை இன்றைய மூன்று அல்ல. இடப்பக்கப் பெடலை முழுவதும் மிதித்தால் முதல் கியர், பாதி மிதித்தால் நியூட்ரல், விட்டுவிட்டால் உயர் கியர். நடுப்பெடலை மிதித்தால் வண்டி பின்னோக்கிப் போகும். வலப்பக்கப் பெடலே பிரேக். வேகத்தைக் கூட்டுவதோ திசைமாற்றிக்குக் கீழே உள்ள ஒரு சிறு கைநெம்புகோல். இன்று கார் ஓட்டும் ஒருவரை அதில் உட்கார வைத்தால், 'ஆக்ஸிலரேட்டர்' என்று நினைத்து அவர் மிதிப்பது பிரேக்காக இருக்கும். குழப்பத்தைத் தவிர்க்க, தொடக்கக்கால மாடல் டி பெடல்களின் முகத்தில் ஸி, ஆர், பி என்ற ஆங்கில எழுத்துகளைப் புடைப்பாக வார்த்திருந்தார்கள். அந்த எழுத்துகளின் மேடுகள் செருப்புக்குச் சிறிது பிடிப்பையும் தந்திருக்கும்.

இன்றைய வரிசை, அதாவது இடமிருந்து கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்பது, 1916 மாடலான காடிலாக் டைப் 53 காரில் உருப்பெற்றது. அதை எளிய மக்களின் கார்களுக்குக் கொண்டுசேர்த்ததில் இங்கிலாந்தின் ஆஸ்டின் 7 (1922) காருக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பிறகும் பழைய பென்ட்லி கார்களில் ஆக்ஸிலரேட்டர் நடுவிலேயே இருந்தது. 1950களில் ஃபாஞ்சியோ ஓட்டிய மசெராட்டி 250எஃப் பந்தயக் காரிலும் அப்படித்தான்.

ரப்பர் ஏன் வந்தது?

உலோகப் பெடலை நவீனம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் வந்தது உலோகமே. வார்ப்பிரும்பாலோ அடித்த எஃகாலோ ஆன பெடல், மேலே ஒன்றும் இல்லாமல் வெறுமனே இருந்தது. அதிகம் போனால் முகத்தில் சில வரிப்பள்ளங்கள் இருக்கும். கூரையில்லாத வண்டி, மழை, சேறு, தோல் அடி கொண்ட காலணி ஆகியவை ஒன்றுசேர்ந்தால் கால் வழுக்கும். கார் உரிமையாளர்கள் இதை விரைவில் உணர்ந்தார்கள். மாடல் டி காருக்குத் துணைப்பொருள் விற்பதே அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருந்தது. அந்தத் துணைப்பொருள்களில் பெடலின்மேல் மாட்டும் ரப்பர் உறையும் ஒன்று. இன்று ரப்பரைக் கழற்றிவிட்டு உலோகத்தை மாட்டுகிறோம். அன்று உலோகத்தின்மேல் ரப்பரை வாங்கி மாட்டினார்கள். வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் பெடல் உறையின் தொடக்கம் இதுதான்.

பின்னர் ரப்பர் உறை தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரலாயிற்று. அதன் வடிவமைப்பு மிக எளியது. பெடல் தண்டின் நுனியில் ஒரு தகடு. ரப்பரின் பின்பக்கத்தில் சுற்றிலும் ஓர் உதடு. ரப்பரை இழுத்துத் தகட்டின்மேல் கவிழ்த்தால், அந்த உதடு தகட்டின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். திருகு கிடையாது, பசை கிடையாது. நனைந்தாலும் வரிப்பள்ளங்கள் நீரை ஒதுக்கிவிடும். தேய்ந்தால் கழற்றி வேறொன்று மாட்டலாம். மலிவானது என்பதற்காக மட்டும் ரப்பர் நூறாண்டு நிலைக்கவில்லை. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. வாகனச் சோதனையில், பிரேக் பெடலின் வழுக்காப் பரப்பு இல்லாமலோ, தளர்ந்தோ, வழவழப்பாகத் தேய்ந்தோ இருந்தால் அந்த வண்டி தேர்ச்சி பெறாது. ஒரு துண்டு ரப்பருக்காக முழுக் காரும் தோல்வியடைவது மிகையாகத் தோன்றலாம். மழைக்காலத்தில் நனைந்த செருப்போடு பிரேக் மிதித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

பந்தயக் காரின் துளைகள்

உலோகம் மீண்டும் பெடலின் முகத்துக்கு வந்தது பந்தயத் திடலிலிருந்து. அங்கே அதற்குத் தகுந்த காரணங்கள் இருந்தன.

முதல் காரணம் எடை. பந்தயக் காரில் ஒவ்வொரு கிராமும் கணக்கு. அதனால் பெடல் தண்டிலும் தகட்டிலும் துளையிட்டுத் தேவையற்ற உலோகத்தை அகற்றினார்கள். அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதால், பெடலையே அலுமினியத்தில் செய்தார்கள். இரண்டாவது காரணம் கால் உணர்வு. தடித்த ரப்பர் சிறிது அமுங்கும். மெல்லிய அடி கொண்ட பந்தயக் காலணியும் வெறும் உலோகமும் சேர்ந்தால், பிரேக் எவ்வளவு அழுத்தம் வாங்குகிறது என்பது பாதத்துக்கு நேரடியாகத் தெரியும். மேலும் பந்தய ஓட்டுநர் சேற்றிலும் மழையிலும் நடந்து வந்து காரில் ஏறுவதில்லை.

மூன்றாவது காரணம் 'ஹீல் அண்ட் டோ' என்னும் ஓட்டுமுறை. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கும்போது கீழ்க் கியருக்கு மாற வேண்டும். அப்போது எஞ்சினின் சுழற்சி கூடாவிட்டால் சக்கரம் உதறும். ஆகவே வலது பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, அதே பாதத்தின் குதிகாலாலோ விளிம்பாலோ ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுவார்கள். இதற்கு இரு பெடல்களும் அருகருகே, ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டுநரின் பாதமும் ஒவ்வோர் அளவு. எனவே பெடலின்மேல் தகடு வைத்து அகலத்தையும் உயரத்தையும் ஆளுக்கேற்பச் சரிசெய்தார்கள். பெடலைப் பாதத்துக்கு ஏற்ப மாற்றுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு இத்தாலிய வீரர் தாட்சியோ நுவோலாரி. 1934-இல் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த நிலையில், இடது காலாலேயே ஓட்டும்படி பெடல்களை மாற்றியமைத்துக்கொண்டு பெர்லினின் ஆவுஸ் பந்தயத்தில் கலந்துகொண்டார்.

ஆகவே துளையும் உலோகமும் அகலத் தகடும் பந்தயத்தில் ஒரு தேவைக்கு விடையாக வந்தவை. தெருவுக்கு வந்தபோது தோற்றம் மட்டும் வந்தது, தேவை பின்தங்கிவிட்டது. எடையைக் குறைக்கத் துளையிட்ட தகட்டை, கனமான எஃகுப் பெடலின்மேல் கூடுதலாக மாட்டினால் எடை கூடத்தான் செய்யும்.

கடைக்கு வந்த உறை

தெருக் கார்களில் உலோகப் பெடல் முதலில் ஒரு வேடிக்கையாகப் புகுந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஹாட் ராட் இளைஞர்கள் பழைய கார்களை வாங்கித் தாங்களே மாற்றியமைத்தார்கள். அவர்களுக்கு உதிரிப்பொருள் விற்றவர்களில் டீன் மூன் புகழ்பெற்றவர். வெறுங்காலின் வடிவத்தில் ஐந்து விரல்களோடு வார்த்த அலுமினிய ஆக்ஸிலரேட்டர் பெடல் அவருடைய நிறுவனத்தின் சரக்குகளில் ஒன்று. அது எதையும் மேம்படுத்தவில்லை. பார்ப்பவரைச் சிரிக்க வைத்தது.

ஐரோப்பாவில் இந்த வணிகம் பந்தயப் பெயரோடு வளர்ந்தது. இத்தாலியில் 1964-இல் தொடங்கிய மோமோ திசைமாற்றிச் சக்கரங்களால் பெயர் பெற்றது. 1970களில் ஓ.எம்.பி., ஸ்பார்கோ ஆகியவை வந்தன. இவை பந்தய வீரர்களுக்கு இருக்கையும் உடையும் செய்துகொண்டே, சாதாரணக் கார்க்காரர்களுக்குப் பெடல் தொகுப்புகளையும் விற்றன. ஜப்பானிலிருந்து ரேஸோ போன்ற பெயர்களில் உறைகள் வந்தன.

தொடக்கத்தில் வந்த தொகுப்புகள் 'எந்தக் காருக்கும் பொருந்தும்' வகையைச் சேர்ந்தவை. எந்தக் காருக்கும் பொருந்தும் என்பதற்கு, எந்தக் காருக்கும் சரியாகப் பொருந்தாது என்றும் பொருள் கொள்ளலாம். தகட்டைப் பெடலின்மேல் வைத்து, பின்னால் ஒரு பட்டையைக் கொடுத்து, போல்ட்டால் இறுக்க வேண்டும். அல்லது பெடலிலேயே துளையிட்டுத் திருகு போட வேண்டும். பிரேக் பெடலைத் துளையிட்டபின் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. இணையவழி விற்பனை பெருகிய பிறகு, ஒவ்வொரு மாடலின் பெடல் அளவுக்கும் தனித்தனியாக அச்சிட்ட உறைகள் கிடைக்கின்றன. இவற்றின் முன்பக்கம் உலோகம், பின்பக்கம் ரப்பர் உதடு. பழைய ரப்பரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் கவிழ்த்துவிடலாம். நூறாண்டுக்கு முந்தைய அந்த ரப்பர் உதட்டின் வடிவமைப்பே இதற்கும் அடிப்படை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கார் நிறுவனங்களும் இந்தத் தோற்றத்தைத் தாங்களே தரத் தொடங்கின. 1998-இல் வந்த ஆடி டிடி காரில், அலுமினியப் பெடல்களின் முகத்தில் ரப்பர்க் குமிழ்கள் பதிந்திருந்தன. உலோகம் கண்ணுக்கு, ரப்பர் காலுக்கு என்ற இந்தச் சமரசமே பின்னர் பொது வழக்கமாயிற்று. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாய், 2021-இல் இந்தியாவில் வெளியிட்ட ஐ20 என் லைன் காரிலும் உலோகப் பெடல்கள் உண்டு. ஃபோக்ஸ்வாகனின் மின்சாரக் காரான ஐடி.3-இன் பெடல்களில், பாட்டு கேட்கும் கருவியில் இருப்பது போன்ற 'ஓடு', 'நில்' குறிகள் இருந்தன. மாடல் டி-யின் எழுத்துகளுக்குப் பிறகு, பெடலின் முகத்தில் மறுபடியும் குறியீடு ஏறியது.

சென்னையில் கார் துணைப்பொருள் என்றால் ஜி.பி. ரோடு. அங்கே பெடல் உறை வாங்கப் போகிறவரிடம் 'மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா' என்ற கேள்வி இன்றைக்கு இயல்பானது. 2014-இல் மாருதி செலேரியோ ஏ.எம்.டி. வந்த பிறகு, இரண்டு பெடல் கார்கள் நடுத்தர வீடுகளுக்கும் வரத் தொடங்கியதே இதற்குக் காரணம்.

சில மில்லிமீட்டர் செய்யும் வேலை

பெடலின் அளவிலும் இடைவெளியிலும் சிறு மாற்றம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இரண்டு பெரிய வழக்குகள் சாட்சி.

1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தாமாகவே சீறிப் பாய்வதாகப் புகார்கள் குவிந்தன. 1986 நவம்பரில் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி இதை ஒளிபரப்ப, ஆடியின் விற்பனை சரிந்தது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு 1989-இல் வெளிவந்தது. பெரும்பாலான நிகழ்ச்சிகளில், ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்பது அதன் முடிவு. அப்படித் தவறுவதற்குப் பெடல்களின் அமைவிடமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. பிரேக்கை மிதித்தால் மட்டுமே கியர் நெம்புகோல் நகரும் பூட்டு ஆட்டோமேட்டிக் கார்களில் பரவியதற்கு இந்த வழக்கு பெரும் தூண்டுதல்.

இரண்டாவது 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சான் டியாகோ அருகே நடந்தது. பழுதுபார்க்க விட்ட காருக்கு மாற்றாகக் கொடுத்த ஒரு லெக்ஸஸ் காரில், வேறொரு மாடலுக்கான தரைவிரிப்பு போடப்பட்டிருந்தது. அது கொக்கியில் மாட்டப்படவும் இல்லை. அதன் விளிம்பில் ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொள்ள, கார் கட்டுப்பாடிழந்து நான்கு பேர் இறந்தனர். டொயோட்டா பல இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அப்போது செய்த திருத்தங்களில் ஒன்று, ஆக்ஸிலரேட்டர் பெடலின் கீழ்நுனியை வெட்டிக் குட்டையாக்குவது. விரிப்புக்கும் பெடலுக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். உலகின் மிகப்பெரிய கார் நிறுவனங்களுள் ஒன்று பெடலை வெட்டிக் குறைத்துக்கொண்டிருந்தபோது, துணைப்பொருள் கடைகளில் அதை நீட்டும் தகடுகள் விற்றுக்கொண்டிருந்தன.

சாதாரணக் காரில் பிரேக் பெடல் ஆக்ஸிலரேட்டரைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். இது தற்செயல் அல்ல. பிரேக்கை அழுத்தும்போது பாதத்தின் ஓரம் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. ஆக்ஸிலரேட்டரில் தடித்த உறையைப் போட்டால் இந்த வேறுபாடு குறையும். பந்தய ஓட்டுநர் வேண்டி விரும்பிச் செய்யும் அதே மாற்றம், நெரிசலில் அவசரமாகப் பிரேக் போடுகிறவருக்கு இரண்டையும் ஒருசேர மிதிக்கும் ஆபத்தாகிவிடும்.

ஜெர்மனியில் பெடல் உறைக்கும் சாலைப் பயன்பாட்டுக்கான அனுமதிச் சான்றைக் கேட்கிறார்கள். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆனால் பதிவுச் சான்றில் பெடல் உறைக்கு இடமே இல்லை. எனவே சோதிக்க வேண்டிய பொறுப்பு மாட்டுகிறவரிடமே வந்து சேர்கிறது.

பொருத்தும் முறை

வாங்கும்போதே காரின் மாடல், ஆண்டு, கியர் வகை மூன்றையும் சொல்லி அதற்கென அமைந்த உறையைக் கேட்க வேண்டும். முகத்தில் ரப்பர்க் குமிழ்கள் இருக்கிறதா, ஈரத் துணியால் துடைத்துவிட்டுச் செருப்பால் தேய்த்தால் வழுக்குகிறதா என்று பார்ப்பது நல்லது. வெறும் பளபளப்பான தகடு பிரேக்குக்கு ஆகாது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, தரைவிரிப்பை வெளியே எடுத்துவிட வேண்டும். பிரேக், கிளட்ச் ஆகியவற்றின் பழைய ரப்பரை ஒரு மூலையில் உரித்து இழுத்தால் கழன்றுவிடும். அதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்வது அவசியம். தகட்டில் படிந்த அழுக்கையும் எண்ணெயையும் துடைத்தபின், புதிய உறையின் உதட்டை ஒரு பக்கம் மாட்டி, மறுபக்கத்தை இழுத்துக் கவிழ்க்க வேண்டும். முரண்டு பிடித்தால் சோப்புத் தண்ணீர் தடவுவது ரப்பரோடு வேலை செய்கிறவர்கள் பலரும் அறிந்த உபாயம். சைபர்டிரக்கில் நடந்ததும் அதுவே. ரப்பரை வெந்நீரில் சற்று ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டினால் அது இளகிக் கொடுக்கும். வழுக்கும் மிச்சமும் இராது.

ஆக்ஸிலரேட்டர் வேறு சாதி. பல கார்களில் அது முழுக்கப் பிளாஸ்டிக்; சிலவற்றில் மேலிருந்து தொங்கும், சிலவற்றில் தரையில் கீல் வைத்திருக்கும். பிளாஸ்டிக்கில் துளையிடக் கூடாது. பட்டை வைத்து இறுக்கும் வகையானால், அதிர்வில் கழலாத பூட்டு நட்டுகளைப் போட வேண்டும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் நுனி தரைக் கம்பளத்தில் மாட்டாதபடி குட்டையாக இருக்க வேண்டும். இருபக்கப் பசைப் பட்டையை மட்டும் நம்பி ஒட்டும் உறைகளை வாங்காமல் இருப்பதே மேல்.

மாட்டியபின் ஒவ்வோர் உறையையும் கையால் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் வலுவாகத் திருக வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் அது பொருந்தவில்லை என்று பொருள். அடுத்து விரிப்பை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, எஞ்சின் அணைந்திருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரைக் கையால் தரைவரை அழுத்திச் சட்டென்று விட்டுப் பார்க்க வேண்டும். எங்கும் உரசாமல் முழுவதும் திரும்பி வர வேண்டும். பிறகு வழக்கமாக அணியும் செருப்போடு இருக்கையில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை இருபது முப்பது முறை மிதித்துப் பார்க்கலாம். ஒருமுறையாவது பாதம் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால், அந்த உறையைக் கழற்றிவிட வேண்டும். முதல் ஓட்டத்தை ஆளில்லாத திடலில் மெதுவாகச் செய்துவிட்டு, ஒரு வாரம் கழித்து நட்டுகளையும் உதடுகளையும் மறுபடி சோதிக்க வேண்டும். அதுவரை பழைய ரப்பர்கள் காரிலேயே இருக்கட்டும்.